ஒரு மணி நேரம், ஒரு மெட்டா அனாலிசிஸ்: ஆம்ஸ்டாரா, ரோபிஸா, கிரேடா?

ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குத் தண்டையார்பேட்டையில் என் கிளினிக் மாடியில் ஆறு பேர் கூடுகிறோம். ஜர்னல் கிளப் என்று பெயர், பெயர்தான் பெரிது. ஜன்னலைச் சாத்தினால் வியர்வை, திறந்தால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளின் ஹாரன். நான், இன்னொரு ஜெனரல் பிராக்டிஷனர், ஒரு பிசியோதெரபிஸ்ட், பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிற எம்.ஃபார்ம். படித்த அண்ணன் ஒருவர், எம்.டி. படிக்கிற இரண்டு பி.ஜி.க்கள். ஏழு மணிக்கு மேல் யாராவது ஒருவருக்கு போன் வந்துவிடும். ஆக, கையில் இருப்பது ஒரு மணி நேரம்தான்.

ரொம்ப நாளாக எங்கள் கூட்டம் ஒரே மாதிரிதான் முடிந்துகொண்டிருந்தது. யாராவது ஒரு மெட்டா அனாலிசிஸை, அதாவது ஒரே கேள்வி பற்றிய பல ட்ரையல்களின் (நோயாளிகளிடம் சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கிற ஆய்வுகளின்) விடைகளைச் சேர்த்துக் கணக்குப் போட்ட கட்டுரையை, ஜெராக்ஸ் எடுத்து வருவார்கள். நடுப்பக்கத்தில் இருக்கிற ஃபாரஸ்ட் பிளாட்டுக்குப் போவோம், ட்ரையலுக்கு ஒரு வரியாக விடைகளை அடுக்கிய படம் அது. அடியில் மொத்த விடையைக் காட்டுகிற வைரம், வித்தியாசம் இல்லை என்கிற நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் நின்றால் மருந்து வேலை செய்கிறது, கோட்டைத் தொட்டால் ஒன்றும் சொல்ல முடியாது, டீ வந்துவிடும், கலைந்துவிடுவோம். பத்துப் பதினைந்து ட்ரையல்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டு வந்த விடை என்பதால் அதற்கு ஒரு தனி மரியாதை. ஆதாரங்களை அடுக்கிக் காட்டும் அந்தப் பிரமிடு படத்தில் உச்சியில் உட்கார்ந்திருப்பது அதுதானே, நாம் யார் கேள்வி கேட்க என்ற நினைப்பு.

அந்த நினைப்பு எனக்குப் போன விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, வாசலில் வரிசை தெருமுனை வரை நிற்கும். மற்றவர்கள் எழுதின மாதிரியே நானும் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தை எழுதினேன். அரசு வழிகாட்டுதலிலேயே அது இருந்தது, அதனால் பெரிதாக யோசிக்கவில்லை. ஜூனில் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் தெரபியூடிக்ஸ்' இதழில் ஒரு மெட்டா அனாலிசிஸ் வந்தது: 15 ட்ரையல்கள், 2438 பேர், இறப்பு 62 சதவீதம் குறைகிறது. மே மாதம் எழுதின சீட்டுக்கு ஜூன் மாதம் நியாயம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன். ஜூலையில் அந்தப் பதினைந்தில் முக்கியமான ஒன்று, எகிப்திலிருந்து வந்த ப்ரீபிரின்ட் (இதழில் மதிப்பீடாகாமல் இணையத்தில் ஏறிய கட்டுரை), திரும்பப் பெறப்பட்டது. லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவ மாணவர் அதன் மூலத் தரவைப் பார்த்திருக்கிறார். ஒரே நோயாளியின் விவரம் திரும்பத் திரும்ப ஒட்டப்பட்டிருந்தது, ஆய்வு தொடங்குவதற்கு முன்பே இறந்துபோனவர்களும் கணக்கில் இருந்தார்கள். செப்டம்பரில் இந்திய வழிகாட்டுதலிலிருந்தும் ஐவர்மெக்டின் போய்விட்டது.

அதற்குப் பிறகும் வைரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது வெட்கமாக இருந்தது. சரி, மெட்டா அனாலிசிஸின் தரத்தைப் பார்க்க உலகத்தில் ஏற்கனவே ஆம்ஸ்டார், ரோபிஸ், கிரேடு என்று கேள்விப் பட்டியல் மாதிரியான கருவிகள் இருக்கின்றன, எங்களைப் போன்ற சின்னக் கூட்டத்துக்கு எது சரிப்படும் என்று பார்த்துவிடலாம் என மூன்று மாதம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். அந்த அனுபவம்தான் இது. கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு வேறு முடிவு வரலாம். நான் எழுதுவது வாரம் ஒரு பேப்பர் படித்துவிட்டு மறுநாள் காலையில் நோயாளி முன்னால் உட்காருகிறவர்களுக்கு.

முதலில் ஒன்றைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். பிரிஸ்மா. எங்கள் பி.ஜி. ஒருத்தி முதல் வாரமே கேட்டாள், "சார், பிரிஸ்மா ஃபாலோ பண்ணியிருக்கோம்னு போட்டிருக்காங்க, அப்போ தரமான ரிவியூதானே?" (ரிவியூ என்றால் ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளையெல்லாம் தேடித் தொகுக்கிற கட்டுரை, மெட்டா அனாலிசிஸ் அதற்குள் வருகிற கணக்கு.) பில்லில் எல்லா ஐட்டமும் சரியாக எழுதியிருந்தால் சாப்பாடு ருசியாக இருக்கும் என்று அர்த்தமாம்மா என்று கேட்டேன். பிரிஸ்மா என்பது என்னென்ன செய்தோம் என்பதை ஒளிக்காமல் எழுதச் சொல்கிற பட்டியல். 2009இல் வந்தது, 2020 பதிப்பு இப்போது புழக்கத்தில் இருக்கிறது, 27 அம்சங்கள். இரண்டு டேட்டாபேஸ் தேட வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் தேடினேன் என்று நேர்மையாக எழுதினாலும் பிரிஸ்மாவுக்கு அது போதும். தப்பாகச் செய்ததைச் சரியாக எழுதலாம். ஆனாலும் எத்தனையோ பேர் இதையே தரச் சான்றிதழ் மாதிரி காட்டுகிறார்கள், மருந்துக் கம்பெனி ரெப்கள் கொண்டுவந்து நீட்டுகிற வழவழப்பான மறுபதிப்புகளில் இந்த வார்த்தைதான் முதல் பக்கத்திலேயே நிற்கும்.

ஆக, உண்மையான போட்டி மூன்றுக்குள்தான்.

ஆம்ஸ்டார் 2 எங்களுக்கு முதலில் பிடித்துப்போனது. காரணம் எளிது, அது கேள்வித்தாள் மாதிரி இருக்கிறது. பழைய ஆம்ஸ்டார் 2007இல் வந்தது, 11 கேள்விகள், 2017இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த புதியதில் 16. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, சிலவற்றுக்குப் பாதி ஆம். அந்தப் பதினாறில் ஏழை மட்டும் உயிர்நாடி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். புரோட்டோகாலை, அதாவது ரிவியூவை எப்படிச் செய்யப்போகிறோம் என்ற திட்டத்தை, முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்தார்களா, தேடல் போதுமானதா, ஒதுக்கிய ஆய்வுகளை ஏன் ஒதுக்கினோம் என்று சொன்னார்களா, ஒவ்வொரு ட்ரையலிலும் இருக்கிற சார்பை, விடையை ஒரு பக்கம் சாய்க்கிற குறையை, அளந்தார்களா, சேர்த்த கணக்கு முறை பொருத்தமானதா, அந்தச் சார்பை முடிவு எழுதும்போது மனதில் வைத்தார்களா, வெளிவராமல் அமுங்கிப்போன ஆய்வுகளைப் பற்றி யோசித்தார்களா. இந்த ஏழில் ஒன்று ஓட்டையானால் தரம் 'குறைவு', ஒன்றுக்கு மேல் போனால் 'மிக மிகக் குறைவு', கதை முடிந்தது. மற்ற ஒன்பதில் விழுகிற ஓட்டைகள் 'உயர்வு' என்பதை 'நடுத்தரம்' ஆக்கும், அவ்வளவுதான்.

இதில் ஒரு பழக்கத்தை மட்டும் விட வேண்டும். பதினாறுக்குப் பதினொன்று என்று மார்க் போடுவது. பத்தாங்கிளாஸ் பரீட்சையிலிருந்து நம் கை அப்படியே பழகிவிட்டது, எங்கள் பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் பேப்பர் மேலேயே சிவப்பு மையில் பதினொன்று என்று எழுதி வட்டம் போட்டார். ஆம்ஸ்டார் 2 எழுதியவர்களே கூட்டல் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள். தேடலையே ஒழுங்காகச் செய்யாத ஒரு ரிவியூ மற்ற பதினைந்திலும் ஆம் வாங்கினால் பதினாறுக்குப் பதினைந்து, முதல் வகுப்பு. ஆனால் பாதி ட்ரையல்கள் உள்ளேயே வரவில்லையே.

எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், பணம் யார் கொடுத்தது என்று இது நேராகக் கேட்கிறது. பத்தாவது கேள்வி, உள்ளே சேர்த்த ஒவ்வொரு ட்ரையலுக்கும் யார் நிதி என்று ரிவியூ எழுதியவர்கள் தேடிச் சொன்னார்களா. பதினாறாவது கேள்வி, ரிவியூ எழுதியவர்களுக்கே ஏதாவது ஆதாய முரண் உண்டா. மருந்துக் கம்பெனி ஆய்வு என்றாலே பொய் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் தெரிந்துகொண்டு படிப்பதற்கும் தெரியாமல் படிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

இதன் தொல்லை என்னவென்றால், எதை எடுத்தாலும் 'மிக மிகக் குறைவு' என்றே வருகிறது. தொடர்ந்து ஐந்து வாரம் ஐந்து பேப்பர், ஐந்தும் அதே தரம். அண்ணன் ஒருநாள் கையை விரித்துவிட்டார், "எல்லாத்தையும் ஃபெயில் ஆக்குற வாத்தியார்கிட்ட யாருங்க படிப்பாங்க?" எங்கே விழுகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் இரண்டு இடம். ஒன்று புரோட்டோகால். ரிவியூக்களைப் பதிவு செய்கிற ப்ராஸ்பெரோ, யார்க் பல்கலைக்கழகத்தில், 2011இல்தான் தொடங்கியது; அதற்கு முந்தையவர்களை அந்தக் கேள்வியில் அடிப்பது அவ்வளவு நியாயமாகப் படவில்லை. இன்னொன்று ஏழாவது கேள்வி, முழுசாகப் படித்துவிட்டு ஒதுக்கிய ஆய்வுகளின் பட்டியல். ரிவியூ எழுதுவதற்கென்றே இருக்கிற காக்ரேன் அமைப்பின் ரிவியூக்களில் இது தவறாமல் பின்னால் இருக்கும். மற்ற இதழ்களில் ஒதுக்கியவை நாற்பது, காரணம் இன்னது என்று படத்தில் ஒரு பெட்டிக்குள் எண் மட்டும் இருக்கும், எவை என்று பெயர் இருக்காது. அதற்காகவே ஒரு நல்ல பேப்பர் கீழே போகிறது. நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, ஒளிக்கிறவன் அங்கேதான் ஒளிப்பான், பிடிக்காத ட்ரையலை வெளியே தள்ள அதைவிட வசதியான கதவு எது என்பது அவர் கட்சி. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று எழுதும்போதுதான் தோன்றுகிறது.

ரோபிஸுக்கு வருவோம். பிரிஸ்டலில் உருவானது, 2016. ஆம்ஸ்டார் 'இதைச் செய்தாயா' என்று கேட்டால், ரோபிஸ் 'நீ செய்த விதத்தால் விடை ஒரு பக்கம் சாய்ந்திருக்குமா' என்று கேட்கிறது. கேட்க ஒன்று போல இருந்தாலும் மேஜையில் வைத்துப் பார்க்கும்போது தூரம் தெரியும். எந்த ஆய்வுகளைச் சேர்ப்பது என்ற விதி, தேடிப் பொறுக்கிய விதம், தரவை எடுத்த விதம், சேர்த்துக் கணக்குப் போட்ட விதம் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் துணைக் கேள்விகள், அவற்றுக்கு ஆம், அநேகமாக ஆம், அநேகமாக இல்லை, இல்லை, தகவல் இல்லை என்று ஐந்து விடை. கடைசியில் ஒட்டுமொத்தமாகச் சார்பு குறைவு, அதிகம், தெளிவில்லை என்று தீர்ப்பு. அந்தக் கடைசிக் கட்டத்தில் இருக்கிற ஒரு கேள்வி தங்கம்: புள்ளியியல் முக்கியத்துவம் கிடைத்த (தற்செயல் என்று எளிதில் தள்ள முடியாத) விடைகளை மட்டும் தூக்கிப் பிடிக்காமல் இருந்தார்களா. எங்கள் கையில் வந்த பேப்பர்களில் சுருக்கத்துக்கும் உள்ளே இருக்கிற அட்டவணைக்கும் ஒட்டாமல் இருந்தவை எத்தனை என்று அந்தக் கேள்விதான் காட்டிக்கொடுத்தது.

ஆனால் அந்த 'அநேகமாக' என்ற வார்த்தையில்தான் எங்கள் ஒரு மணி நேரம் காலியானது. இரண்டு பி.ஜி.க்களும் தனித்தனியாக நிரப்பி வந்த தாள்களை ஒட்டி வைத்தால், ஒரே பேப்பருக்கு ஒருத்தி 'குறைவு', இன்னொருவன் 'அதிகம்'. யார் சரி என்று பேசவே முக்கால் மணி நேரம். இது அவர்கள் குற்றம் இல்லை. இந்தக் கருவி அந்த நோயைப் பற்றியும் தெரிந்த, முறையியலும் தெரிந்த ஆட்களை எதிர்பார்க்கிறது. ஆதாய முரண், நிதி பற்றி ரிவியூ எழுதியவர்களை இது கேட்பதே இல்லை என்பது எனக்கு ஒரு குறை. பதிலுக்கு, ஆம்ஸ்டார் 2 சிகிச்சை பற்றிய ரிவியூக்களுக்கு மட்டும்தான், ரோபிஸ் நோயறியும் பரிசோதனை, நோயின் போக்கு, நோய்க்காரணம் பற்றியவற்றுக்கும் பொருந்தும். ஒரு ரத்தப் பரிசோதனையின் துல்லியம் பற்றிய மெட்டா அனாலிசிஸுக்கு ஆம்ஸ்டார் 2 தாளை நீட்டுவது மீன் கடையில் போய் வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கிற கதை.

இந்த இரண்டுக்கும் மேலே இன்னொன்று தேவை என்று எங்களுக்குப் புரிந்தது பி.சி.ஜி. மெட்டா அனாலிசிஸை எடுத்த ஞாயிறன்று. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நம் ஊர் இருக்கிறது.

1994இல் ஜாமா இதழில் வந்தது. பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயைத் தடுக்குமா என்று 13 ட்ரையல்களைச் சேர்த்த கணக்கு. வைரம் அழகாக இடப்பக்கம் நிற்கிறது: ரிஸ்க் ரேஷியோ (ஊசி போட்டவர்களின் ஆபத்தைப் போடாதவர்களுடையதால் வகுத்தது) 0.49, அதாவது ஏறக்குறைய பாதி குறைகிறது. நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான விடை இருக்கக்கூடிய எல்லை, 0.34 முதல் 0.70. வழக்கமான ஞாயிறாக இருந்தால் அங்கேயே டீ வந்திருக்கும். அன்றைக்கு அந்தப் பி.ஜி. விரலை வைத்து ஒவ்வொரு கோடாக வாசித்துக்கொண்டே வந்தாள், ஒரு இடத்தில் நிறுத்தி, "சார், இது மெட்ராஸ்" என்றாள்.

ஆமாம், மெட்ராஸ். 1968இல் தொடங்கிய செங்கல்பட்டு ட்ரையல். அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் என்றால் இன்றைய திருவள்ளூர் மாவட்டமும் சேர்த்து, அதாவது நாங்கள் உட்கார்ந்திருந்த மாடியிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் ஆரம்பித்துவிடுகிற நிலம். அந்த வரியில் இருக்கிற எண்களைப் பாருங்கள். ஊசி போட்ட 88,391 பேரில் 505 பேருக்குக் காசநோய். போடாத 88,391 பேரில் 499 பேருக்கு. பலகையில் எழுதிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். பாதி எங்கே, பூஜ்யம் எங்கே. அதே படத்தில் இன்னொரு வரி, கனடாவில் சஸ்காட்செவன், 306 பேரில் 6, ஊசி போடாத 303 பேரில் 29. ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. இரண்டையும், நடுவில் இருக்கிற பதினொன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கினால் 0.49 வருகிறது. அந்த 0.49 கனடாவுக்கும் உண்மை இல்லை, திருவள்ளூருக்கும் உண்மை இல்லை. அந்தக் கட்டுரை எழுதியவர்கள் இதை மறைக்கவில்லை, அவர்களே தேடிப்போய்ப் பூமத்திய ரேகையிலிருந்து தள்ளிப்போகப் போகத் தடுப்பூசியின் பலன் கூடுகிறது என்று காட்டினார்கள். மெட்ராஸ் 13 டிகிரி, சஸ்காட்செவன் 55. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற வேறு மைக்கோபாக்டீரியாக்கள் முன்பே உடம்பைப் பழக்கிவிடுவதால் வெப்பமண்டலத்தில் ஊசிக்கு வேலை குறைவு என்பது அதற்குச் சொல்லப்படுகிற விளக்கங்களில் ஒன்று. (இதைப் படித்துவிட்டுக் குழந்தைக்கு பி.சி.ஜி. வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய்க்கும் உடம்பெல்லாம் பரவுகிற வகைக்கும் அது நல்ல பாதுகாப்பு, போடுவது அதற்காகத்தான்.)

இப்போது கருவிகளை இதன் மேல் வைத்துப் பாருங்கள். ஆம்ஸ்டார் 2இல் ஆய்வுகளுக்கு இடையே இருக்கிற முரண்பாட்டைப் பற்றிய கேள்வி பதினான்காவது. விளக்கம் கொடுத்தார்களா என்று கேட்கிறது, கொடுத்திருக்கிறார்கள், ஆம். ஆனால் இந்தக் கேள்வி உயிர்நாடி ஏழில் ஒன்றே இல்லை! விளக்கமே கொடுக்காமல் 0.49 என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தாலும் ஆம்ஸ்டார் கணக்கில் அது சின்ன ஓட்டைதான். ரோபிஸ் நான்காம் பகுதியில் முரண்பாட்டை எப்படிக் கையாண்டார்கள் என்று கேட்கும், கையாண்டிருக்கிறார்கள், நன்று. அதாவது இரண்டு கருவிகளும் ரிவியூ எழுதியவரின் வேலையைத்தான் எடை போடுகின்றன. தண்டையார்பேட்டையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இந்த விடை ஆகுமா என்ற கேள்வி அவற்றின் வேலையே இல்லை.

அந்த வேலைதான் கிரேடு. இதுவும் தரம்தான் சொல்கிறது, உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்று, ஆனால் ரிவியூவுக்கு இல்லை, ஒவ்வொரு விளைவுக்கும் கிடைத்த ஆதாரத்துக்கு. ட்ரையல்கள் என்றால் உயர்விலிருந்து ஆரம்பித்து ஐந்து காரணங்களுக்காக இறக்கலாம்: ட்ரையல்களின் சார்பு, ஒன்றுக்கொன்று முரண், நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தாமை, எண்ணிக்கை போதாமை, வெளிவராத ஆய்வுகள். பி.சி.ஜி.க்கு இரண்டாவதும் மூன்றாவதும் பளிச்சென்று அடிக்கும். இறப்புக்கு ஒரு தரம், வலி குறைவதற்கு வேறு தரம், பக்கவிளைவுக்கு இன்னொன்று என்று ஒரே பேப்பருக்குள் மாறலாம் என்பதும் நடைமுறைக்கு ரொம்ப ஒத்துவருகிறது, நோயாளி கேட்பதும் அப்படித்தான் கேட்கிறார்.

எண்ணிக்கை போதாமை என்பதற்கு நான் பி.ஜி.க்களுக்குச் சொல்கிற உதாரணம் மாரடைப்பில் மெக்னீசியம். 1990களின் தொடக்கத்தில் சின்னச் சின்ன ட்ரையல்களைச் சேர்த்துப் பார்த்தபோது இறப்பு பாதிக்கும் மேல் குறைவதாக வந்தது, மலிவான மருந்து, எல்லோருக்கும் சந்தோஷம். 1995இல் ஐசிஸ் 4 என்ற பெரிய ட்ரையல் வந்தது, 58,050 நோயாளிகள், ஒரு பயனும் இல்லை. முன்பு சேர்த்த கணக்கில் கூட்டல் தப்பு ஒன்றும் இல்லை, உள்ளே இருந்த ட்ரையல்கள் அந்தக் கேள்விக்குப் போதாத அளவு சின்னவை.

கிரேடிலும் ஒரு பள்ளம் உண்டு, நான் விழுந்த பள்ளம். பேப்பருக்குள்ளேயே கிரேடு அட்டவணை அச்சாகி வரும், அதைப் பார்த்ததும் யாரோ நடுநிலையாளர் தரம் பார்த்துவிட்டார் என்று தோன்றும். அதைப் போட்டது ரிவியூ எழுதியவர்களேதான். நான் மேலே சொன்ன அந்த ஜூன் மாத ஐவர்மெக்டின் பேப்பரில் இறப்புக்கு 'நடுத்தர உறுதி' என்று கிரேடு போட்டிருந்தது. அடுத்த மாதமே காக்ரேன் ரிவியூ வந்தது, கறாரான விதிகள், 14 ட்ரையல்கள், 1678 பேர், வேலை செய்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது என்று முடித்தார்கள். அதே நோய், அதே மருந்து, அதே கிரேடு, ஒரு மாத இடைவெளி. அதனால் எங்கள் விதி, அச்சாகி வந்த கிரேடு அட்டவணையைக் கையால் மூடிவிட்டு நாமே போட்டுப் பார்ப்பது, அப்புறம் கையை எடுப்பது.

சரி, இந்த மூன்றும் சேர்ந்தாலும் பிடிக்காத ஒன்று இருக்கிறது. காசிமேட்டில் கூடையின் மேலே பளபளவென்று நாலு வஞ்சிரம் அடுக்கியிருப்பார்கள், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. ட்ரையலின் செவுளைத் தூக்கிப் பார்க்கச் சொல்லி இவற்றில் எதுவும் சொல்வதில்லை. ட்ரையல் நடந்தது, தரவு உண்மை என்று எடுத்துக்கொண்டுதான் எல்லாக் கேள்வியும் தொடங்குகிறது. எகிப்து ட்ரையல் எழுத்தில் பார்த்தால் ரேண்டமைஸ் செய்தது (யாருக்கு எந்த மருந்து என்று குலுக்கல் மாதிரி பிரித்தது), பெரியது, போதும். அதேபோல ஐசியூவில் ஏற்றிவந்த ஸ்டார்ச் திரவம். ஜெர்மனியின் யோவாகிம் போல்ட் என்ற மயக்க மருந்து நிபுணரின் கட்டுரைகள் டஜன் டஜனாகத் திரும்பப் பெறப்பட்ட பிறகு, 2013இல் ஜாமாவில் வந்த மெட்டா அனாலிசிஸில் அவருடைய ஏழு ட்ரையல்களை உள்ளே வைத்தும் வெளியே எடுத்தும் கணக்குப் போட்டார்கள். உள்ளே இருக்கும்போது தீங்கு இருக்கிறதா என்பது விளிம்பில் நின்றது, வெளியே எடுத்ததும் இறப்பு கூடுவது தெளிவாகத் தெரிந்தது. காக்ரேன் இப்போது சந்தேகத்துக்குரிய ஆய்வுகளைக் கையாள்வதற்கென்று தனிக் கொள்கையே வைத்திருக்கிறது, நமக்கு அவ்வளவு வசதி இல்லை. நாங்கள் செய்வது இவ்வளவுதான்: ஃபாரஸ்ட் பிளாட்டில் எடை அதிகமான, பலனும் மிக அதிகமாகக் காட்டுகிற ட்ரையலைக் கண்டுபிடித்து, அதன் பெயரைப் போனில் தேடி, திரும்பப் பெறப்பட்டதா என்று பார்க்கிறோம். பிறகு அந்த ஒரு வரியைப் பேப்பர் துண்டால் மறைத்துவிட்டு மீதி எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணளவில் பார்க்கிறோம். பத்து நிமிடம். சில ட்ரையல்களை எடுத்துவிட்டுத் திரும்பக் கணக்குப் போடுகிற முறையான சென்சிட்டிவிட்டி அனாலிசிஸ் இது இல்லை, ஆனாலும் ஒரே தூணில் நிற்கிற பந்தல் அதிலேயே தெரிந்துவிடும்.

ஆக, எங்கள் முடிவு. சிகிச்சை பற்றிய பேப்பர் என்றால் ஆம்ஸ்டார் 2இன் பதினாறையும் நிரப்புவதில்லை, உயிர்நாடிக் கேள்விகளை மட்டும், அதுவும் எங்கள் திருத்தத்தோடு. எவை உயிர்நாடி என்பதைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியவர்களே இடம் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் பதினான்காவதை, அந்த முரண்பாட்டுக் கேள்வியை, உள்ளே கொண்டுவந்தோம், செங்கல்பட்டுக்காக. நிதி பற்றிய பத்தாவதும் பதினாறாவதும் தீர்ப்பில் சேராது, ஆனால் சத்தமாக வாசிக்கப்படும். இரண்டு பேர் தனித்தனியாக வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வர வேண்டும், மாடியில் வித்தியாசங்களை மட்டும் பேசுவோம். இது இருபது நிமிடம். தேடலிலோ சார்பு அளந்ததிலோ விழுந்தால் அங்கேயே மூடி வைத்துவிட்டு, அதே கேள்விக்கு வேறு ரிவியூ இருக்கிறதா என்று தேடுகிறோம், காக்ரேனில் முதலில். தப்பித்த பேப்பருக்கு மீதி நேரம் முழுவதும் கிரேடின் ஐந்து கேள்விகள், ஒரே ஒரு விளைவுக்கு, நோயாளிக்கு எது முக்கியமோ அதற்கு.

ரோபிஸை வாராவாரம் எடுப்பதில்லை. ஒரே கேள்விக்கு இரண்டு மெட்டா அனாலிசிஸ் இரண்டு விடை சொல்லும்போது, எங்கே பிரிந்தார்கள் என்று தோண்ட அதைவிட நல்ல மண்வெட்டி கிடையாது, அதற்கு மட்டும், இரண்டு ஞாயிறு ஒதுக்கி. நோயறியும் பரிசோதனை பேப்பர்களுக்கும் அதுவே. ஒரு கல்லூரித் துறையில் இருந்துகொண்டு, வழிகாட்டுதல் எழுதுகிற வேலையில் இருந்தால் நான் ஆம்ஸ்டாரைக் கீழே வைத்துவிட்டு ரோபிஸைத்தான் எடுப்பேன், அங்கே சண்டை போட நேரமும் சம்பளமும் உண்டு. தீசிஸுக்காக ரிவியூ எழுதப்போகிற பி.ஜி.க்கு வேறு மாதிரி: பிரிஸ்மாவை எழுதும்போது பக்கத்தில் வைத்துக்கொள், ஆம்ஸ்டாரை எழுதத் தொடங்குவதற்கு முன்பே படித்துவிடு, ஏனென்றால் புரோட்டோகால் பதிவை முடித்த பிறகு போய்ச் செய்ய முடியாது. வேலூர் சி.எம்.சி.யில் காக்ரேன் மையம் இருக்கிறது, முறையியல் தெரிந்தவர்கள் ரயிலில் போய்வருகிற தூரத்தில்தான் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஏழாவது கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை. அண்ணன் அதை உயிர்நாடிப் பட்டியலிலிருந்து எடுக்க விடமாட்டேன் என்கிறார், நான் எடுத்துவிட வேண்டும் என்கிறேன். வருகிற ஞாயிறு அவர் ஒரு பேப்பர் கொண்டுவருகிறார், ஒதுக்கிய ஆய்வுகளின் பட்டியல் இல்லாதது. அதில் எவை வெளியே தள்ளப்பட்டன என்று நாங்களே தேடிப் பார்ப்பதாகப் பந்தயம். தோற்றவர் ஆறு பேருக்கும் பீச் ஸ்டேஷன் பக்கத்தில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கிக் கொடுக்க வேண்டும், முட்டையோடு.